ஒரு பெரியவரின் முதல் நினைவை வைத்து அவர் வாழ்க்கையைப் பார்க்கும் விதத்தைச் சொல்ல முடியுமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்களும் பார்த்துக்கொள்ளலாம். தேன்கனிக்கோட்டைப் பக்கம் உங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் போய்வரும் ஒரு சிறிய மடம். அதன் பெரியவருக்கு எண்பது வயது ஆகப்போகிறது. அவருடைய வாழ்க்கையைச் சிறு புத்தகமாக எழுதும் பொறுப்பை உங்களிடம் கொடுத்திருக்கிறார்கள். "சாமி, உங்களுக்கு நினைவு தெரிந்து முதல் முதலாக ஞாபகம் இருப்பது எது?" என்று கேட்டீர்கள். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, ஏரி நிரம்பிக் கோடி போன ஒரு நாளைச் சொன்னார். ஊரே ஏரிக்கரைக்கு ஓடியது. பாட்டி தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் போய்விட்டாள். இவர் கரையில் தனியாக நின்றார். தண்ணீர் இரைந்துகொண்டு விழுந்தது. யாரோ ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அது யார் என்று அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. அதோடு நிறுத்திக்கொண்டார். மதத் தலைவர்களின் சிறுவயது நினைவுகளிலிருந்து அவர்கள் உலகத்தை எப்படிப் பார்த்தார்கள் என்று கண்டுபிடித்துவிடலாம் என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். அது உண்மையா, இந்த நினைவை வைத்து என்ன எழுதலாம் என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், போகிறபோக்கில், "இது நிஜமாகவே நடந்திருக்குமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்களை உண்மையில் உறுத்துவது அந்தக் கடைசிக் கேள்விதான் என்று எனக்குப் படுகிறது. பக்தராக இருந்துகொண்டு அதை நேராகக் கேட்பது சங்கடம்தான்.

நான் தருமபுரியில் இருபது வருடங்களுக்கு மேலாக உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். முதல் நினைவுகளைக் கேட்பது நான் பயிற்சி பெற்ற முறையில் ஒரு முக்கியமான பகுதி. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பரீட்சை பயத்தோடு வரும் பிள்ளைகள், பேசிக்கொள்ளாத கணவன் மனைவிகள். இடையிடையே கோயில் பூசாரிகளும் சபைப் போதகர்களும் வந்திருக்கிறார்கள், துறவு வாழ்க்கையில் சோர்ந்துபோன சிலரும் வந்திருக்கிறார்கள். அந்த அனுபவத்திலிருந்துதான் எழுதுகிறேன்.

இந்த முறையைக் கொண்டுவந்தவர் ஆல்ஃபிரட் அட்லர். 1870-இல் வியன்னாவை ஒட்டிய ஒரு புறநகரில் பிறந்த மருத்துவர். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்டோடு சில வருடங்கள் சேர்ந்து இயங்கி, 1911-இல் பிரிந்து போனவர். இரண்டு பேருமே சிறுவயது நினைவுகளைப் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள், ஆனால் எதிரெதிர்த் திசையில். ஃபிராய்டுக்கு அந்த நினைவு ஒரு திரைச்சீலை. பின்னால் ஏதோ மறைந்திருக்கிறது, சீலையை விலக்கிப் பார்க்க வேண்டும். அட்லருக்கு அந்த நினைவே விஷயம். ஒரு மனிதனுக்கு எத்தனையோ ஆயிரம் நாட்கள் கழிந்திருக்கின்றன. அவற்றில் ஒரு நாளை மட்டும் மனம் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது என்றால், இன்றைக்கு அவன் வாழ்க்கையைப் பார்க்கும் விதத்துக்கு அது பொருந்தியிருக்கிறது என்று அர்த்தம். தற்செயலாகத் தங்கிய நினைவு என்று எதுவும் இல்லை என்பது அவர் கட்சி.

இதில் ஒரு சின்ன இடத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். அந்த நிகழ்ச்சிதான் மனிதனை இப்படி ஆக்கியது என்று அட்லர் சொல்லவில்லை. இப்படி இருக்கும் மனிதன் இந்த நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறான் என்கிறார். அம்பு அன்றிலிருந்து இன்றைக்குப் பாயவில்லை, இன்றிலிருந்து அன்றைக்குப் பாய்கிறது. ஆகவே "சிறுவயதில் ஏரிக்கரையில் ஒருவர் கையைப் பிடித்தார், அதனால் பெரியவர் கருணையுள்ளவர் ஆனார்" என்று உங்கள் புத்தகத்தில் எழுதினால் தப்பு. எண்பது வயதில், யாரோ ஒருவர் கையைப் பிடித்த நாளைத்தான் தன் ஆரம்பம் என்று அவர் சொல்ல விரும்புகிறார் என்று எழுதினால் அதைத் தாங்கிப்பிடிக்க ஆதாரம் இருக்கிறது.

அட்லரின் சொந்த முதல் நினைவு இதை விளங்கவைக்கும். அவருக்குச் சின்ன வயதில் எலும்பு வலுவில்லாமல் போகும் ரிக்கெட்ஸ் நோய். உடம்பில் கட்டுப் போட்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், எதிரில் ஆரோக்கியமான அண்ணன். அண்ணன் ஓடுகிறான், குதிக்கிறான், இவருக்கு அசைவதே பெரும்பாடு. வீட்டில் எல்லோரும் இவருக்கு உதவ மெனக்கெடுகிறார்கள். தாழ்வு உணர்ச்சி, அதைத் தாண்டி மேலே வரும் முயற்சி, ஒருவருக்கொருவர் துணை நிற்கும் சமூக உணர்வு என்று பிற்காலத்தில் அவர் கட்டிய கொள்கை முழுவதும் அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அவர் சொன்ன இன்னொரு நினைவு உங்கள் கடைசிக் கேள்விக்கு நேரான பதில். பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு கல்லறைத் தோட்டம் இருந்ததாகவும், அதைத் தாண்ட பயமாக இருந்ததால் ஒருநாள் பையை இறக்கி வைத்துவிட்டு அதன் குறுக்கே பன்னிரண்டு தடவை ஓடிப் பயத்தைத் தீர்த்துக்கொண்டதாகவும் அவர் நம்பிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதில் பழைய பள்ளித் தோழர் ஒருவரைச் சந்தித்து, "அந்தக் கல்லறைத் தோட்டம் என்ன ஆயிற்று?" என்று கேட்டார். அங்கே கல்லறைத் தோட்டமே இருந்ததில்லை என்றார் தோழர். மற்றவர்களிடம் விசாரித்தார், அவர்களும் அதையே சொன்னார்கள். அட்லர் இதை மறைக்கவில்லை, தானே எழுதி வைத்தார். நடக்காத அந்த ஓட்டம், பயத்தை நேருக்கு நேர் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்ற அவருடைய குணத்தை நடந்ததைப் போலவே காட்டுகிறது.

ஆக, இரண்டு விஷயங்களைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் ஏரிக்கரையில் என்ன நடந்தது என்பது ஒன்று. பெரியவர் உலகத்தை எப்படிப் பார்க்கிறார் என்பது இன்னொன்று. அவருடைய நினைவு முதலாவதற்குப் பலவீனமான சாட்சி, இரண்டாவதற்கு நல்ல சாட்சி. நினைவு தவறக்கூடியது என்பதில் இன்று சந்தேகம் இல்லை. குழந்தை மனம் பற்றி ஆராய்ந்த பியாஜே, இரண்டு வயதில் பாரிஸில் தன்னைத் தள்ளுவண்டியிலிருந்து ஒருவன் கடத்த முயன்றதையும், ஆயா போராடி முகத்தில் கீறல்பட்டதையும் கண்ணால் கண்டதுபோல நினைவு வைத்திருந்தார். அவருக்குப் பதினைந்து வயதாக இருக்கும்போது அந்த ஆயா, அது தான் இட்டுக்கட்டிய கதை என்று கடிதம் எழுதி, பரிசாக வாங்கிய கடிகாரத்தையும் திருப்பி அனுப்பினார். 1995-இல் உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் கடைத்தொகுதியில் தொலைந்துபோனதாக ஒரு பொய்ச் சம்பவத்தைக் குடும்பத்தார் சொன்னதாகச் சொல்லிக் கேட்டபோது, 24 பேரில் ஏறத்தாழ நாலில் ஒருவர் அதை முழுதாகவோ கொஞ்சமாகவோ "நினைவுகூர்ந்தார்கள்". இதையெல்லாம் பெரியவரைச் சந்தேகிக்கச் சொல்லவில்லை. உங்கள் பாட்டி, என் அப்பா, நீங்கள், நான் எல்லோருக்கும் நினைவு வேலை செய்கிற விதம் இதுதான்.

மதத் தலைவர்கள் விஷயத்தில் இன்னும் ஒரு சிக்கல் சேர்கிறது. சாதாரண மனிதரின் முதல் நினைவை நான்தான் முதல் தடவை கேட்பேன். சில சமயம் மனைவிக்குக்கூடத் தெரிந்திருக்காது. ஒரு குருவின் சிறுவயதுக் கதையோ ஆயிரம் பேர் கேட்டது, சீடர்கள் மெருகேற்றியது, ஒவ்வொரு குருபூசையிலும் மேடையில் ஒலித்தது. ஆகவே நான் முதலில் கேட்பது, "இது அவரே சொன்னதா, அவரைப் பற்றி மற்றவர்கள் சொன்னதா?" என்பதுதான். மற்றவர்கள் சொன்னது அவர்கள் மனதைக் காட்டும், குருவின் மனதைக் காட்டாது. அகுஸ்தினார் இந்த விஷயத்தில் பெரிய முன்மாதிரி. 354-இல் பிறந்து கிறிஸ்தவ ஆயராக இருந்த அவர் தன் வாழ்க்கையைத் தானே எழுதும்போது, தன் குழந்தைப்பருவம் தனக்கு நினைவில்லை, மற்றவர்கள் சொன்னதையும் வேறு குழந்தைகளைப் பார்த்து ஊகித்ததையும்தான் எழுதுகிறேன் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

நம் ஆட்களில் இரண்டு பேரை எடுத்துக்கொள்கிறேன். திருஞானசம்பந்தர் மூன்று வயதில் சீர்காழிக் குளக்கரையில் ஞானப்பால் உண்டதைச் சேக்கிழார் விரிவாகப் பாடுகிறார். அது சம்பந்தருக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து எழுதியது. ஆனால் சம்பந்தரே, சீர்காழிக்கு இன்னொரு பெயரான கழுமலத்தைப் பாடிய தன் பதிகம் ஒன்றில் இதைத் தொட்டுப் போகிறார். பொற்கிண்ணத்து உணவு, அது நல்லதல்ல என்று தந்தையின் கோபம், அப்போது தன்னை ஆட்கொண்டவன். இரண்டே வரிக்குள் இந்த மூன்றும் வந்துவிடுகின்றன. சிறுவயது நினைவுகளைக் கேட்டுப் பழகிய என் காதில் தங்குவது அந்தக் கோபம். ஊட்டிய தாயின் அன்பை மட்டும் பாடியிருக்கலாம். அப்பாவின் சினத்தையும் விடாமல் சேர்த்திருக்கிறார். அதட்டுகிற ஒருவர், ஏற்றுக்கொள்கிற ஒருவர், நடுவில் ஒரு குழந்தை. இதற்கு மேல் நான் போக மாட்டேன். ஏழாம் நூற்றாண்டுக் கவிஞர் ஒருவரைப் பதிகத்தின் இரண்டு வரியை வைத்து உளப்பகுப்பாய்வு செய்வது அவருக்கும் நியாயமில்லை, என் தொழிலுக்கும் நியாயமில்லை.

வள்ளலாரிடம் இன்னும் கொஞ்சம் தெளிவு உண்டு. 1823-இல் மருதூரில் பிறந்தவர். ஐந்து மாதக் குழந்தையாகச் சிதம்பரத்தில் திரை தூக்கியதும் சிரித்தார் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்வார்கள். ஐந்து மாதத்தில் நடந்ததை யாராலும் பின்னால் நினைவுகூர முடியாது, இது உறுதி. ஆனால் அருள்விளக்கமாலையில் அவரே பாடுகிறார். சிறிய பருவத்தில் தாய் முதலானவர்களோடு தில்லையில் திரை தூக்கத் தரிசித்தபோது, தனக்கு எல்லாம் வெளியாகக் காட்டப்பட்டது என்கிறார். மாதக் கணக்கு அங்கே இல்லை, "சிறிய பருவம்" என்பது மட்டும் இருக்கிறது. இப்போது 1872 தைப்பூசத்துக்கு வாருங்கள். வடலூரில் சத்திய ஞானசபையில் அவர் அமைத்த வழிபாடு என்ன? ஏழு திரைகளை ஒவ்வொன்றாக விலக்கி ஜோதியைக் காட்டுவது. யாராக இருந்தாலும் வந்து பார்க்கலாம். சிறு பிள்ளையாக அம்மாவோடு நின்று பார்த்த திரை ஒன்று, ஐம்பது வயதை நெருங்கும்போது ஊருக்கெல்லாம் விலக்கிக் காட்டும் ஏழு திரைகள். மறைத்தல் இல்லாமல் எல்லாருக்கும் வெளியாகக் காட்ட வேண்டும் என்பதே அவர் வாழ்க்கையைப் பார்த்த விதம் என்று சொன்னால், அவருடைய நினைவும் செயலும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. எனக்குத் தெரிந்தவரை நம் மண்ணில் இந்த முறைக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

ஆனாலும் ஒரு எச்சரிக்கை. வடலூரில் ஏழு திரை இருப்பது எனக்கு முன்பே தெரியும், அதனால்தான் தில்லைத் திரை என் கண்ணில் பட்டது. முடிவு தெரிந்த பிறகு ஆரம்பத்தில் அதைத் தேடிப்பிடிப்பது மிகவும் சுலபம். ஒருவர் பின்னாளில் என்னவாக ஆனார் என்று தெரியாமல், நினைவை மட்டும் படித்துவிட்டுக் குணத்தைச் சொல்லி, அது பொருந்துகிறதா என்று பார்ப்பதே நேர்மையான சோதனை. புகழ்பெற்ற குருமார்கள் விஷயத்தில் அது கிட்டத்தட்ட முடியாத காரியம். இந்த வகைக் கட்டுரைகளில் நீங்கள் படிப்பதில் பெரும் பகுதியை இந்தக் காரணத்துக்காகவே கொஞ்சம் தள்ளி வைத்துப் படியுங்கள்.

தலாய் லாமாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. பனிக்காலத்தில் நம் ஊர்களுக்கு ஸ்வெட்டர் விற்க வரும் திபெத்தியர்களைப் பார்த்திருப்பீர்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் கொள்ளேகால் அருகே அவர்கள் குடியிருப்பே இருக்கிறது. 1935-இல் பிறந்த பதினான்காம் தலாய் லாமா தன் முதல் நினைவுகளில் ஒன்றாகச் சொல்வது இது. பிள்ளைகள் கூட்டமாகச் சண்டை போடுவதைப் பார்க்கிறார், ஓடிப்போய்ப் பலவீனமான பக்கத்தோடு சேர்ந்துகொள்கிறார். நாட்டை இழந்து 1959-இல் இந்தியாவுக்கு வந்த ஒரு தலைவர் இப்படி ஒரு நினைவைச் சொன்னால், "ஆகா, பாருங்கள்" என்று எல்லோரும் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். நான் அதோடு சேர்ந்து வரும் மற்ற நினைவுகளையும் பார்க்கிறேன். அம்மாவோடு முட்டை எடுக்கப் போய், அம்மா போன பிறகும் கோழிக்கூட்டிலேயே உட்கார்ந்து கொக்கொக்கென்று கத்திக்கொண்டிருந்தது. முதல் முதலாக ஒட்டகத்தைப் பார்த்து அதன் பிரமாண்டத்தில் பயந்தது. வயிற்றில் பூச்சி இருந்ததைக் கண்டுபிடித்த நாள். இவற்றை வைத்து யாரும் பிரசங்கம் செய்ய முடியாது, எந்தச் சீடரும் மெருகேற்றவும் மாட்டார். அதனாலேயே எனக்கு இவற்றின் மேல் நம்பிக்கை அதிகம். தன்னைப் பெரியவனாகக் காட்டாத விளையாட்டு, உடம்பைப் பற்றிக் கூச்சமில்லாத பேச்சு, பயத்தைப் பயம் என்றே சொல்வது எல்லாம் அவற்றில் இருக்கின்றன. அவரைக் காணொளிகளில் பார்த்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு நினைவுக்கு வரும். பிள்ளையாக இருந்தபோதே அவர் மேசையில் தலைமை இடத்தில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்தார் என்றும் ஒரு செய்தி உண்டு. பெரிய இடத்துக்குப் போகப்போகிறவர் என்பதற்கு அது அடையாளம் என்று பின்னால் மற்றவர்கள் சொன்னார்கள். அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

இராமகிருஷ்ணரின் நினைவையும் உங்கள் பெரியவருடையதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆறேழு வயதில் வயல் வரப்பில் பொரி தின்றுகொண்டே நடக்கிறார். கருமேகம் வானத்தை மூடுகிறது. அதன் குறுக்கே வெள்ளைக் கொக்குக் கூட்டம் பறக்கிறது. அந்த அழகில் தன்னை மறந்து விழுந்துவிடுகிறார், பார்த்தவர்கள் வீட்டுக்குத் தூக்கிவருகிறார்கள். அவரே சீடர்களிடம் சொன்னது இது. கண் மேலே இருக்கிறது. வேறு மனிதர்கள் அந்தக் காட்சியில் இல்லை, கடைசியில்தான் வருகிறார்கள். சந்தோஷம் தாங்கமுடியாமல் தான் என்பதே கரைந்துபோகிறது. உங்கள் பெரியவரிடம் வானம் இல்லை. கூட்டம் இருக்கிறது, தன்னைத் தாண்டிப் போன சொந்தம் இருக்கிறது, பக்கத்தில் வந்த அந்நியர் இருக்கிறார், ஒரு கை இருக்கிறது. இரண்டு பேரும் ஆன்மிகவாதிகள்தான், ஆனால் உலகம் இருவருக்கும் வேறு வேறு இடத்தில் திறக்கிறது. இந்த அளவுக்கு வித்தியாசத்தை முதல் நினைவு காட்டும் என்று நான் தைரியமாகச் சொல்வேன். (ரமணரின் மரண அனுபவத்தையும் சேர்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். அது 1896-இல், பதினாறு வயதில் நடந்தது. சிறுவயது நினைவில் சேராது. பொதுவாக எட்டு வயதுக்கு முந்தியதைத்தான் எடுத்துக்கொள்வோம்.)

சரி, உங்கள் பெரியவரின் நினைவுக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதில் எனக்கு மிகவும் வேண்டிய ஒன்று இல்லை. அந்த நேரத்தில் அவருக்கு என்ன உணர்ச்சி இருந்தது? நிகழ்ச்சியைவிட உணர்ச்சிதான் திறவுகோல். பாட்டி விட்டுவிட்டுப் போன துக்கமா? தண்ணீர் பயமா? நம் பக்கத்தில் ஏரி கோடி போவது திருநாள் மாதிரி, கெடா வெட்டிப் பூசை போடுவார்கள். அப்படியானால் ஒருவேளை பெரிய குதூகலமா? கை வந்த நொடியில் நிம்மதியா, கூச்சமா, யாரிவன் என்ற திகிலா? துக்கமும் நிம்மதியும் என்றால், "சொந்தம் கைவிட்டாலும் உலகம் கைவிடாது" என்பது அவர் பார்வையாக இருக்கலாம். குதூகலம் என்றால், பாட்டியும் தம்பியும் வெறும் பின்னணி, ஊரோடு சேர்ந்து அதிசயத்தைப் பார்ப்பதுதான் விஷயம். திகில் என்றால் கதை முழுக்க வேறு. உணர்ச்சி தெரியாமல் இதில் எதையும் நான் சொல்லக்கூடாது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு பஜனைக் குழுவை நடத்தும் பெரியவர் என்னிடம் வந்தார். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் மாந்தோப்புக் குடும்பம். நாலு வயதில், மாங்காயைப் பழுக்க வைக்கும் அறையில் வைத்து யாரோ தெரியாமல் கதவைச் சாத்திவிட்டார்கள் என்பது அவருடைய முதல் நினைவு. இருட்டு அறை, சாத்திய கதவு, நாலு வயதுப் பிள்ளை. நான் அவசரப்பட்டு, "தனியாக விடப்பட்ட பயம் உங்களை இன்னும் துரத்துகிறது போலிருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "பயமா? வைக்கோலில் பரப்பின செந்தூரா வாசனை, ஐயா. கதவு இடுக்கில் ஒரு கோடு வெளிச்சம். யாரும் என்னைத் தேடவில்லை, எனக்கும் யாரும் வேண்டியிருக்கவில்லை. அந்த மாதிரி அமைதி அப்புறம் எனக்குக் கிடைக்கவே இல்லை" என்றார். வாரத்தில் ஒருநாள் மௌன விரதம் இருக்கிறவர் அவர். குழு அவரை ஓயாமல் இழுத்துக்கொண்டிருந்ததுதான் அவருடைய பிரச்சினை. நான் சொன்ன விளக்கம் முழுக்க என் பயம், அவருடையதாக ஒரு துளிகூட இல்லை. அன்றிலிருந்து உணர்ச்சியைக் கேட்காமல் நான் வாயைத் திறப்பதில்லை.

பாடப்புத்தக விதி ஒன்றை நம் ஊரில் அப்படியே பின்பற்ற முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே ஒரு தடவை நடந்த நிகழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொள், "நாங்கள் அடிக்கடி இப்படிச் செய்வோம்" என்பதை விட்டுவிடு என்பது அந்த விதி. நம் பெரியவர்களைக் கேட்டால் முக்கால்வாசிப் பேர், "நாங்க எல்லாரும் விடியக்காலையில் களத்துக்குப் போவோம்" என்று பன்மையிலேயே ஆரம்பிப்பார்கள். ஆராய்ச்சியும் இதை ஒட்டியே இருக்கிறது. அமெரிக்கர்களையும் சீனர்களையும் ஒப்பிட்ட ஆய்வில், அமெரிக்கர்களின் முதல் நினைவு சராசரியாக மூன்றரை வயதில் தொடங்கியது, "நான்" என்பதைச் சுற்றியிருந்தது. சீனர்களுக்கு ஏறத்தாழ ஆறு மாதம் தள்ளித் தொடங்கியது, குடும்பமும் அன்றாட வழக்கங்களும் அதில் நிறைந்திருந்தன. பழங்கதைகளைப் பிள்ளைகளிடம் நிறையப் பேசும் நியூசிலாந்தின் பழங்குடிகளான மாவோரிகளுக்கு முதல் நினைவு மூன்று வயதுக்கும் முன்னாலேயே வந்துவிடுகிறது. ஆகவே "நாங்கள் போவோம்" என்று தொடங்கும் நினைவை நான் தூக்கிப் போடுவதில்லை. அந்த "நாங்கள்" என்பதே ஒரு வாழ்க்கைப் பார்வை. அதைக் கேட்டுக்கொண்டு, "அந்த மாதிரிப் போன நாட்களில் ஒரு நாள் மட்டும் தனியாக ஞாபகம் வருகிறதா?" என்று கேட்பேன். இது என் அனுபவத்தில் செய்துகொண்ட மாற்றம், எல்லோரும் ஒத்துக்கொண்ட விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மொழி இன்னொன்று. பெரியவர் வீட்டில் கன்னடம் பேசி வளர்ந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் நீங்கள் தமிழில் கேட்டிருக்கிறீர்கள். ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் தெரிந்தவர்களிடம் செய்து 2000-இல் வெளியான ஒரு ஆய்வில், எந்த மொழியில் கேட்டார்களோ அந்த மொழி பேசிய காலத்து நினைவுகள் அதிகமாக மேலே வந்தன. ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி எல்லாம் வீட்டுக்குள் ஒரு மொழி, கடைத்தெருவில் ஒரு மொழி என்று வாழும் ஊர்கள். மறுபடி போகும்போது கன்னடம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய், பாட்டியிடம் பேசிய மொழியிலேயே அவரைப் பேச விடுங்கள். தமிழில் வராத ஒரு சொல்லோ, ஒரு வாசனையோ அதில் வரலாம்.

ஒரே நினைவோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். நான் குறைந்தது ஐந்தாறு கேட்பேன். ஒன்றில் தெரிவது தற்செயலாக இருக்கலாம். நாலு நினைவிலும் யாரோ பெயர் தெரியாதவர் உதவிக்கு வந்தால், அப்போது அதற்கு அர்த்தம் உண்டு. அந்த நினைவுகளில் அவர் பார்க்கிறாரா, ஏதாவது செய்கிறாரா? தனியாகவா, கூட்டத்திலா? வீட்டுக்குள்ளா, வெளியிலா? ஏரிக்கரையில் அவர் நின்றார், பார்த்தார், கையை ஏற்றுக்கொண்டார். ஓடவில்லை, அழுததாகச் சொல்லவில்லை. அடுத்த நினைவிலும் அப்படித்தானா என்று பாருங்கள். சீடர்கள் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது கேட்காதீர்கள், அப்போது வருவது உபதேசமாகத்தான் இருக்கும். மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம், அவர் திண்ணையில் சாய்ந்திருக்கும்போது கேளுங்கள். சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள். "பிடித்துக்கொண்டார்" என்றாரா, "பிடித்து நிறுத்தினார்" என்றாரா என்பதில்கூட வித்தியாசம் இருக்கிறது.

விளக்கத்தைப் புத்தகத்தில் போடலாமா என்றால், வேண்டாம் என்பது என் கருத்து. நினைவை அச்சிடுங்கள், அதுவும் அவருக்கு வாசித்துக் காட்டி, அவர் சம்மதித்த பிறகு. விளக்கம் என்பது அவரும் நீங்களும் சேர்ந்து பேசிப் பார்க்க வேண்டிய ஊகம். சரியான ஊகமாக இருந்தால் கேட்கிறவர் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம் வரும். வரவில்லை என்றால் விட்டுவிட வேண்டும். இந்த முறையில் படித்த இரண்டு ஆலோசகர்கள் ஒரே நினைவுக்கு இரண்டு விளக்கம் சொல்வது நடக்கும். உயிரோடு இருக்கும் ஒரு மனிதரைப் பற்றி அப்படிப்பட்ட ஒன்றை நிரந்தரமாக அச்சில் ஏற்றக்கூடாது. இன்னொன்றையும் சொல்கிறேன், உங்களுக்கு அது முக்கியம் என்று தெரியும். அந்தக் கை யாருடையது என்று பக்தர்கள் ஒரு பதில் வைத்திருப்பார்கள். அது சரியா தப்பா என்று சொல்ல உளவியலிடம் எந்தக் கருவியும் இல்லை. நானும் அதில் நுழையமாட்டேன்.

மறுபடி போகும்போது, "பாட்டி மேல் கோபம் வந்ததா சாமி?" என்று கேட்காதீர்கள், அது பதிலை நீங்களே கையில் கொடுப்பது. "அந்த நாளில் எந்த இடம் இன்னும் பளிச்சென்று தெரிகிறது? அப்போது மனசு எப்படி இருந்தது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் பேச நேரம் எடுத்துக்கொள்வார். கையைப் பற்றி அவராகவே ஏதாவது சொன்னால், அது ஈரமாக இருந்தது, காய்ப்பேறியிருந்தது, வளையல் போட்டிருந்தது என்று எதைச் சொன்னாலும் அந்தச் சொல்லை அவர் சொன்னபடியே குறித்துக்கொள்ளுங்கள். அவருக்குச் சம்மதம் என்றால் எனக்கும் எழுதுங்கள், அதற்கப்புறம் சேர்ந்து யோசிப்போம்.